மார்ச் மாதச் சேறும் ஒரு மவுண்டன் பைக்கும்: ரொறன்ரோவில் காட்டுப் பாதைக்குள் எப்போது இறங்குவது?

மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், டொன் பள்ளத்தாக்கில் உள்ள குரோதர்ஸ் வூட்ஸ் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்தபோது சைக்கிள் என் தோளில் இருந்தது. ரயருக்கும் பிரேமுக்கும் இடையில் களிமண் அடைத்து, இரண்டு சக்கரங்களும் சுற்ற மறுத்துவிட்டன. நாயோடு எதிரே வந்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. நான் உழுதுவிட்டு வந்த பாதையைப் பார்த்தபடி நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

இது, குளிர்காலத்தில் மலிவு விலையில் மவுண்டன் பைக் வாங்கி வைத்துவிட்டு, பனி உருகக் காத்திருப்பவர்களுக்கான குறிப்பு. கியர் மாற்றுவதும் தலைக்கவசம் அணிவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த மண் என்று பாருங்கள்

டொன் பள்ளத்தாக்கு செங்கல் அறுத்த மண். அங்கே 1889இல் தொடங்கிய செங்கற்சூளை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இயங்கியது. மாஸி ஹோல், காசா லோமா போன்ற கட்டடங்களுக்கெல்லாம் கல் கொடுத்த களி அது. நனைந்தால் விடாது. வடகிழக்கே, அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் உள்ள டர்ஹம் காட்டில் கதை வேறு. அது ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் மேல் இருக்கிறது. பனியுகம் விட்டுச்சென்ற மணலும் சரளையும் தண்ணீரைக் கீழே இறக்கிவிடும். குரோதர்ஸ் குழைந்து கிடக்கும் நாளில் அங்கே பெரும்பாலும் ஓட்டக்கூடியதாக இருக்கும். ஸ்காபரோவிலிருந்து காரில் போக வேண்டும் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

2. பகல் வெயிலை நம்பாதீர்கள், இரவுக் குளிரைப் பாருங்கள்

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். அன்று வானிலை அறிக்கை ஆறு பாகை, நல்ல வெயில் என்றது. வெயிலென்றால் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஊரில் அது சரி. இங்கே மார்ச்சில் நிலம் ஆழம்வரை உறைந்து கிடக்கிறது. வெயில் மேலே இரண்டு மூன்று அங்குலத்தைத்தான் உருக்கும். உருகிய நீர் இறங்க வழியில்லை, அடியில் பனித்தட்டு. தட்டில் ஊற்றிய கூழ் மாதிரி அப்படியே நிற்கும். வெயில் கூடக் கூடச் சேறும் கூடும்.

ஆகவே முந்தைய இரவின் குறைந்த வெப்பநிலையைப் பாருங்கள். சைபருக்குக் கீழே மூன்று பாகையாவது போயிருந்தால், விடிந்ததும் பாதை சிமெந்துத் தரைபோல் இருக்கும். ஏழரைக்கு உள்ளே, ஒன்பதரைக்கு வெளியே. இது என் கணக்கு.

இதையும் சரியாகச் செய்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். போகும்போது கல்லாக இருந்த தெற்குப் பார்த்த சரிவு, திரும்பும்போது சேறாகியிருந்தது. தெற்குச் சரிவில் வெயில் முதலில் விழும். அதனால் அதை முதலில் ஓட்டி முடியுங்கள். வடக்குப் பார்த்த நிழற்பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். ஆனால் அங்கே நடப்பவர்களின் கால்பட்டு வழுவழுப்பான பனிக்கட்டி ஏப்ரல்வரைகூட ஒளிந்திருக்கும். இறங்கி உருட்டுவதில் வெட்கமில்லை.

3. குதிகாலால் அழுத்துங்கள்

பாதையின் வாசலிலேயே குதிகாலால் அழுத்துங்கள். புதைந்தால் திரும்புங்கள். ரயர் தடம் பதிந்தாலும் அதே தீர்ப்பு. ஈரமான வயல் வரம்பில் மாட்டை விட்டால் அப்பா என்ன சொல்வாரோ, அதேதான் இங்கும்: பதிந்த தடம் காய்ந்து வாய்க்காலாகும், அடுத்த மழை அதில் ஓடி மண்ணைக் கொண்டுபோகும்.

வழியில் ஒன்றிரண்டு குட்டைகள் வந்தால் நடுவாலே போங்கள். சுற்றிப் போனால் பாதை அகலும். ஓரத்தில் இருப்பது வெறும் புல் அல்ல. ஒன்ராறியோவின் மாகாண மலரான வெள்ளை டிரில்லியம் விதையிலிருந்து பூக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். குட்டைகள் நிறைய இருந்தால் அன்று ஏரிக்கரை மார்ட்டின் குட்மன் பாதைக்குப் போங்கள். தார்ப்பாதைதான், ஆனால் ஏரிக்காற்று எதிர்த்தால் போதுமான உடற்பயிற்சி.

4. காற்று

நிலவறையில் இருபது பாகையில் 25 பிஎஸ்ஐ அடித்த ரயர், வெளியே சைபரில் ஏறக்குறைய 22க்கு இறங்கிவிடும். அதைக் கணக்கில் வையுங்கள். பம்பில் உள்ள முள்ளை நான் நம்புவதில்லை. தனியாக ஒரு டிஜிட்டல் அளவி வாங்கினேன். சைக்கிளுக்கு நான் செலவழித்ததில் மிகவும் பயன்பட்ட காசு அது. முன்சக்கரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மட்காட் போடுங்கள், கண்ணுக்குள் மண் தெறிக்காது.

5. கழுவுவது

கார் கழுவும் இடத்தின் அழுத்தக் குழாயால் ஒருமுறை கழுவினேன். பளபளவென்று ஆனது. இரண்டு வாரத்தில் பெடல் அச்சு கறகறத்தது. தண்ணீர் பெயாரிங்குக்குள் போயிருந்தது. வாளி, பழைய தூரிகை, மெல்லிய நீர் போதும். சங்கிலியைத் துடைத்துக் காயவிட்டு, ஈரக் காலத்துக்கான தடித்த எண்ணெய் விடுங்கள்.

6. பாதைக்கு ஒரு நாள் கொடுங்கள்

டர்ஹமில் பாதைகளைப் பராமரிப்பது டர்ஹம் மவுண்டன் பைக்கிங் சங்கத்தின் தன்னார்வலர்கள். வேலைநாள் அறிவித்தால் போங்கள், வேகமாக ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. நான் போன முதல் வேலைநாளில் செய்ததெல்லாம், நீர் வெளியேறும் வெட்டுகளில் அடைத்திருந்த இலைகளை வாருவதுதான். மண்வெட்டி பிடித்துப் பழகியவர்களுக்கு அங்கே தனி மரியாதை. மே மாதத்தில் பூண்டுக்கடுகு என்ற அந்நியக் களையைப் பிடுங்குவார்கள். வேரோடு பிடுங்கிப் பையில் கட்ட வேண்டும். கீழே போட்டால் கிடந்தபடியே விதை முற்றும். இதை வறை செய்யலாமா என்று அம்மா கேட்டார். சாப்பிடலாம்தான், ஆனால் கசப்பு.

பின்சேர்க்கை: இரவு சைபருக்குக் கீழே ஐந்து பாகை போயும் பாதை இளகியே இருந்தது என்று இருவர் எழுதியிருந்தார்கள். முதல் நாள் புதுப்பனி விழுந்திருக்கிறது. பனி போர்வை மாதிரி. கீழே உள்ள மண்ணை உறையவிடாது. பனி மூடிய காலையில் வெப்பநிலைக் கணக்கு செல்லாது, குதிகால் சோதனையை மட்டும் நம்புங்கள்.

இன்னொருவர் உண்ணி பற்றிக் கேட்டிருந்தார். நான்கு பாகைக்கு மேல் போனாலே கருங்கால் உண்ணி நடமாடத் தொடங்கிவிடும். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் போகிறவர்கள் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறத்தையும் பார்த்துவிடுங்கள்.