சலரோகம் உள்ளவரின் காலை வீட்டில் எப்படிப் பார்ப்பது

வீட்டில் பத்துப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளுசை போடுகிற அம்மாவோ அப்பாவோ இருந்தால், இன்றைக்குப் பின்னேரம் அவருடைய காலை மடியில் தூக்கி வைத்துப் பாருங்கள். கால் நல்ல சூடாக இருக்கலாம், மேற்பாதத்தில் நாளங்கள் கயிறுபோலப் புடைத்து நிற்கலாம், தோல் மட்டும் காய்ந்து வெளிறிச் செதில் செதிலாக இருக்கும். "ரத்தோட்டம் நல்லா இருக்குப் பிள்ளை, அதுதான் கால் சுடுது" என்று அவரே சொல்லுவார். அந்தச் சூட்டை நம்பாதீர்கள்.

தோலுக்குள் ஓடும் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களைத் திறப்பதிலும் மூடுவதிலும் நரம்புக்குப் பெரிய பங்கு உண்டு. கால்விரல் நுனியிலும் உள்ளங்காலிலும் இரத்தம் மயிர்த்துளைக்குழாய்களுக்குள் போகாமலே நாடியிலிருந்து (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவருகிற குழாய்) நாளத்துக்கு (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய்) நேரே பாயக்கூடிய குறுக்குவழிகள் நிறைய இருக்கின்றன, உடம்புச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடு அது. சாதாரணமாகப் பரிவு நரம்புகள், அதாவது நாங்கள் நினைக்காமலே தம்பாட்டில் வேலை செய்கிற நரம்புகள், அந்த வழிகளை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், தேவைப்படும்போதுதான் விடும். சீனி கூடின இரத்தம் வருடக்கணக்காக ஓடும்போது நரம்புகள் பழுதாகின்றன, அதிலும் ஆக நீளமானவை, அதாவது பாதம் வரைக்கும் போகிறவை, முன்னுக்கு அடிபடும். பிடித்திருந்த நரம்பு செத்தால் குறுக்குவழி திறந்தபடியே கிடக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பெரிய வாய்க்காலில் நிரம்பி ஓடினாலும் கிளை வாய்க்காலில் இறங்காமல் நேரே கழிவாற்றில் போய் விழுந்தால் வயல் காயும் அல்லவா, அதே கதைதான். காலில் இரத்தம் ஓடுகிறது, காலும் சுடுகிறது, ஆனால் தோலைப் போஷிக்கிற மயிர்த்துளைக்குழாய்களுக்குப் போக வேண்டிய பங்கு குறைந்துவிடலாம். போதாக்குறைக்கு அந்தக் குழாய்களின் சுவரையும் சீனி தடிக்கப் பண்ணுகிறது. நரம்புக்குச் சாப்பாடு கொடுப்பதும் இதே மாதிரிச் சின்னக் குழாய்கள்தான் என்பதால், ஒன்று கெட்டு மற்றதையும் கெடுக்கும்.

இதோடு இன்னும் இரண்டு காரியம் நடக்கிறது. வியர்வைச் சுரப்பியை இயக்கும் நரம்பும் போய்விடுவதால் பாதம் வியர்க்காது, காயும், குதிக்கால் வெடிக்கும். வழமையாகப் போடுகிற பழைய செருப்பை எடுத்துப் பாருங்கள், கடும் வெயில் காலத்திலும் விரல் பதிந்த வியர்வைக் கறை இல்லையென்றால் அதுவும் ஒரு அறிகுறியாக இருக்கலாம். மற்றது, தோலில் ஒரு கீறல் விழுந்தால் சுற்றிவரச் சிவந்து சூடேறும், தெரியும்தானே? அங்கே இருக்கிற மெல்லிய நரம்பு இழைகள்தான் சில இரசாயனங்களை விட்டுப் பக்கத்துக் குழாய்களை விரிக்கின்றன, காயம் ஆறத் தேவையான இரத்தம் வருவதற்காக. நரம்பு பழுதான காலில் அந்தச் சிவப்பு மட்டாகத்தான் வரும். எங்கள் நிறத் தோலில் சிவப்பு ஏற்கனவே தெரிவது குறைவு, நோவும் இல்லை. ஆகவே கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, கையாலும் பார்க்க வேண்டும்.

பார்க்கிற முறை இதுதான். ஒவ்வொரு நாளும் பின்னேரம், கால் கழுவித் துடைத்த பிறகு, வெளிச்சத்தில். கண் பார்வை குறைந்தவராகவோ குனிய முடியாதவராகவோ இருந்தால் வீட்டில் உள்ள பிள்ளை ஒன்று ரோச் லைட்டைப் பிடித்துப் பார்க்கட்டும், தனியே இருப்பவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து அதற்கு மேலே காலைப் பிடிக்கலாம். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள், வெள்ளையாக ஊறிப்போயிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று. உள்ளங்காலில் தடித்த தோலுக்கு அடியில் கறுப்பாகவோ கடுஞ்சிவப்பாகவோ ஏதாவது தெரிந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, அது புண் வரப்போகிற இடம். அப்புறம் உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரிச் சுடுவது வேறு, ஒன்று மற்றதைவிட நன்றாகச் சுடுவது வேறு. ஒரு பக்கம் மட்டும் கூடச் சுட்டால் அங்கே ஏதோ நடக்கிறது.

செருப்பையும் பாருங்கள். என்னுடைய சித்தப்பா அறுந்த பாட்டா வாரை அடியில் சட்டைப்பின் குத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டு பரந்தன் சந்தைக்குப் போய் வந்தவர். அந்தச் சட்டைப்பின் திறந்து பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை, வீட்டுச் சீமெந்துத் தரையில் இரத்தத் தடத்தைக் கண்டு சித்திதான் கத்தினவ. முள்ளுக் குத்தினால் காலைத் தூக்குவது நரம்பு உள்ளவனுக்குத்தான். போட முன்னம் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்: கல், ஆணி, நெருஞ்சி முள், சிலவேளை மட்டத்தேள். வார் விரல் இடுக்கை உரசாத, குதிக்குப் பின்னால் பட்டி உள்ள செருப்பு நல்லது, வாங்குவதைப் பின்னேரத்தில் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான வழியை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை மெல்லத் தொட்டு ஒன்று இரண்டு செக்கன் வையுங்கள், அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. இரண்டு காலிலும் பெருவிரல், சின்னவிரல், நடுவிரல், ஆக ஆறு இடம். தொட்டது தெரிந்தால் வலம், இடம் என்று அவர் சொல்ல வேண்டும். தெரியாத இடத்தைத் திரும்பத் தொட்டு "இப்ப தெரியுதோ?" என்று உதவி செய்யாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது, டொக்டரிடம் காட்டுங்கள்.

வன்னியில் இதைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. யுத்தத்தில் செல் துண்டு பட்டு ஒரு காலில் மட்டும் உணர்ச்சி போனவர்கள் எங்களிடம் நிறையப் பேர். சீனியால் வருவது பெரும்பாலும் இரண்டு காலிலும் விரலில் தொடங்கி மேலே ஏறும். பழைய காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றக் காலில் தொடங்கின விறைப்பைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. ஒரு கால் இழந்து பொய்க்காலோடு நடப்பவருக்குச் சலரோகமும் வந்தால் மிச்சக் கால் கூடுதல் பாரம் தாங்குகிறது. அந்தக் காலைப் பார்க்கிற அக்கறையோடு பொய்க்கால் பொருந்துகிற முனையையும் நாளாந்தம் பாருங்கள், உரசல் புண் அங்கேயும் வரும்.

காய்ந்த தோலுக்கு எண்ணெய் நல்லது, தேங்காய் எண்ணெயோ வசலினோ, டொக்டர் தந்தால் யூரியா கிறீமோ, குளித்த கையோடு பூசுங்கள். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். குதிவெடிப்பை அலட்சியம் செய்யாதீர்கள், காலபோகத்தில் வயலுக்குள் இறங்குகிறவருக்கு அந்த வெடிப்பு வழியாகத்தான் எலிக்காய்ச்சல் கிருமியும் உள்ளே போகலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களை எடுத்தது எல்லோருக்கும் தெரியும். வயல்காரருக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், வெடிப்போடு வெறுங்காலில் சேற்றில் நிற்கவே வேண்டாம்.

நான் ஆகப் பயப்படுவது சூட்டுக்குத்தான். கால் எரிகிறது, விறைக்கிறது என்றவுடன் வேப்பிலை அவித்த சுடுதண்ணியில் காலை வைப்பதும் உப்பு மூட்டையால் ஒத்தடம் கொடுப்பதும் எங்களுக்குப் பழக்கம். சூடு தெரியாத காலுக்கு அது வெந்து கொப்புளம் போடுகிற வேலை. கழுவுகிற தண்ணியை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், காலால் பார்க்க வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள், மடுவுக்குப் போகிறவர்கள், மத்தியான மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், வெள்ளனவோ வெயில் தாழ்ந்தோ போங்கள், செருப்புப் போட முடியாத இடத்தில் தடித்த பருத்திச் சொக்ஸ் போடுங்கள். அம்மாளாச்சி கோபிக்கமாட்டா.

கால் ஆணி, தடித்த தோல் எதையும் பிளேட்டால் சீவாதீர்கள், கால் ஆணிக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டியும் வேண்டாம். சின்னப் புண் என்றாலும் சுத்தமான தண்ணியால் கழுவி, சுத்தத் துணியால் மூடி, அன்றைக்கோ அடுத்த நாளோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், பச்சிலைப் பத்து என்று நாள் கடத்த வேண்டாம். புண் கறுத்தால், மணத்தால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே. ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சுட்டால், புண்ணே இல்லாவிட்டாலும், நோகாவிட்டாலும், அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே கொண்டு போங்கள். உள்ளே எலும்பு நொருங்கிக்கொண்டிருக்கலாம், நடந்தால் பாதமே உருக்குலையும். வாகனம் இல்லை, ஆளும் சோர்ந்து போனார் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

கிளினிக்கில் கொப்பியை நீட்டி மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உள்ளே போய் இருந்ததும் செருப்பைக் கழற்றி, "காலையும் ஒருக்காப் பாருங்கோ டொக்டர்" என்று கேளுங்கள், மெல்லிய நைலோன் இழையால் தொட்டுப் பார்க்கிற 10 கிராம் சோதனையை வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ன என்று கேளுங்கள், அநேகருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள், வயதானவருக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள். சீனிக்கான மெற்போமின் குளுசையை வருடக்கணக்காகப் போடுகிறவருக்கு விற்றமின் பி12 குறையலாம், அதனாலும் கால் விறைக்கும், அது மருந்தால் திருத்தக்கூடியது என்பதால் அதையும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.