சட்டம் வேறு, கண்ணியம் வேறு: கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக வலைத்தளத்தில் போடும் ஒரு பதிவைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். அது குற்றமா? அந்தத் தளமோ, வேலை தரும் நிறுவனமோ அதை அனுமதிக்கிறதா? அது கண்ணியமான பேச்சா? மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அரசியல் சரி (யாரையும் இழிவுபடுத்தாத சொற்களில் பேச வேண்டும் என்ற நிலைப்பாடு) பற்றிய சண்டைகளில் பாதி, ஒரு கேள்விக்கான விடையை இன்னொன்றுக்கு எடுத்துப் போடுவதால் வருபவை.

முதல் தவறு, மனம் புண்பட்டாலே குற்றம் என்று நம்புவது. அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று 19(2) பட்டியலிடுகிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என எட்டு. புண்படுதல் அதில் தனிக் காரணமாக இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மத உணர்வு தொடர்பான 299-ஆம் பிரிவும் (பழைய 295ஏ) திட்டமிட்ட, தீய நோக்கம் இருந்ததா என்றே கேட்கிறது. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காக அவர் மீது தொடரப்பட்ட 23 வழக்குகளையும் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஊருக்குப் பிடிக்காத கருத்து தானாகக் குற்றமாகிவிடாது.

அதே நீதிமன்றம் 2025 மார்ச்சில், ஒரு கவிதையோடு காணொளி பதிவிட்ட நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீதான குஜராத் வழக்கையும் ரத்து செய்தது. பேச்சின் விளைவைத் திடமான, நிதானமான மனிதரின் கண்ணால் அளக்க வேண்டும். எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனமானவரின் கண்ணால் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். புகார் கொடுக்கக் கிளம்புவோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு நேரெதிரான தவறு, யாராவது ‘அந்தச் சொல்லை விடுங்கள்’ என்றாலே ‘என் வாயைக் கட்டுகிறார்கள்’ என்று கூவுவது. உங்கள் பேச்சை விமர்சிப்பதும் பேச்சுரிமைதான். அரசு வழக்குப் போடும்போதோ, தடை விதிக்கும்போதோதான் அரசமைப்பு உரிமை பற்றிய வாதம் உண்மையில் எழுகிறது. நண்பர் உங்களை பிளாக் செய்தால் எழுவதில்லை.

ஃபார்வர்டு செய்ததற்குப் பொறுப்பில்லை என்ற நம்பிக்கைதான் பலரை மாட்டிவிடுவது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை எஸ்.வி. சேகர் முகநூலில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர், பதிவு சீக்கிரமே நீக்கப்பட்டது, மன்னிப்பும் கேட்டார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமலே பகிர்ந்தார் என்று அவர் தரப்பில் உச்ச நீதிமன்றம் வரை வாதிட்டுப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. முழுதும் படிக்காததைப் பகிர வேண்டாம். கண்டிப்பதற்காகத்தான் பகிர்கிறீர்கள் என்றால் உங்கள் கண்டனத்தை அதே பதிவில், மேலேயே எழுதுங்கள். கமெண்டில் தனியாக எழுதியது ஸ்கிரீன்ஷாட்டில் வராது.

வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு மட்டும் ஓர் ஆறுதல்: உறுப்பினர் போட்ட செய்திக்கு, பொது நோக்கமோ கூட்டுச் சதியோ இல்லாதபோது, அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் கூறியிருக்கிறது.

அதிக ஆபத்து சாதி சார்ந்த பேச்சில் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி வைவதும், இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 18-ஆம் பிரிவின்படி முன்ஜாமீனும் பொதுவாகக் கிடைக்காது. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது பொதுப் பார்வை ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்பி, ஆன்லைனிலும் அதே விதி என்று நினைப்பவர்கள் உண்டு. இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய காணொளி பொதுப் பார்வையில் இருப்பதுதான் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாம் கோபத்தில் அள்ளி வீசும் வசவுகளில் சில, உண்மையில் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பெயர்கள். ‘சண்டாளர்’ அப்படி ஒன்று. அமைச்சரையோ அதிகாரியையோ விமர்சிக்க வேண்டுமா? உத்தரவைச் சொல்லுங்கள், செலவுக் கணக்கைச் சொல்லுங்கள், கொடுத்த வாக்கைச் சொல்லுங்கள். பிறப்பு, உடல், ஊனம், பாலினம் நான்கையும் எடுத்துவிட்டால் பதிவில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், அங்கே விமர்சனமே இருந்திருக்கவில்லை.

‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்பதும் அரைகுறைப் பாதுகாப்பு. குற்றவியல் அவதூறில் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356) உண்மையாக இருப்பது போதாது, பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் விவாகரத்து உண்மையாகவே இருக்கலாம். அதில் பொது நன்மை ஏது? சாலை ஒப்பந்தத்தில் நடந்த முறைகேடு அப்படியல்ல. எழுதும்போது தகவலையும் கருத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். ‘டெண்டர் இரண்டு நாளில் முடிந்தது’ என்பது தகவல், ஆவணம் கையில் இருக்க வேண்டும். ‘இது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்பது கருத்து. ‘அவன் திருடன்’ என்பது நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு.

வேலை பார்ப்பவர்கள் நியமன ஆணையில் இருக்கும் நடத்தை விதிகளைப் படிப்பதே இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. சாதாரணக் குடிமகன் எழுதினால் ஒன்றும் ஆகாத அதே வரி, ஆசிரியர் எழுதினால் துறை விசாரணைக்குக் காரணமாகலாம்.

பிரச்சினை வந்த பிறகும் தவறுகள் தொடர்கின்றன. பதறிப்போய்க் கணக்கையே அழிப்பது அவற்றில் மோசமானது. எதிர்த்தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். முன்பின் சூழலைக் காட்ட உங்களிடம்தான் எதுவும் இருக்காது. முதலில் பதிவு, கமெண்டுகள், தேதி, இணைப்பு எல்லாவற்றையும் சேமியுங்கள். பிறகு பதிவை நீக்கலாம். அவதூறு என்றால் காவல் நிலையம் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, புகார்தாரர் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள பிரிவுகளில், வழக்குப் பதியும் முன் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) வழி செய்கிறது. பேச்சு தொடர்பான புகார்களில் அதைப் பயன்படுத்துவது நல்லது என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கின் 2025 தீர்ப்பும் சொல்கிறது. வழக்கறிஞர் மூலம் அதைக் கேளுங்கள். அதே சட்டத்தின் 35(3) பிரிவில், நேரில் வரச் சொல்லிக் காவல்துறை நோட்டீஸ் அனுப்பினால் சொன்ன தேதியில் போய்விடுங்கள். போனால் பொதுவாகக் கைது இல்லை, போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். எஃப்.ஐ.ஆரில் என்னென்ன பிரிவுகள் என்று பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ இருந்தால், அது 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றத்தால் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிரிவு.