சாம்பல் அட்டை இல்லையா, உள்ளங்கையை அளந்து பாருங்கள்

புகைப்படத்துக்கு ஒளியை அளக்க உதவும் நடுச்சாம்பல் நிறச் சாம்பல் அட்டை கைவசம் இல்லாதபோது, படமெடுக்கப்படுபவர் மீது விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, ஸ்பாட் மீட்டரால் (ஒரு சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் மீட்டர்) அளந்து, கிடைக்கும் அளவைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு, ஒளி கொடுங்கள்; ஷட்டர் வேகம் 1/250 நொடி என்று காட்டினால் 1/125 நொடி வைக்கலாம். எதிரே இருப்பது வெள்ளை வேட்டியா கறுப்புக் கோட்டா என்பதை அறியாத மீட்டர், எதையும் சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பலாகவே கருதுகிறது. உள்ளங்கையோ, முகத்தின் நிறம் எதுவானாலும், பெரும்பாலும் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஒளியைத் திருப்பும். ஆளுக்கு ஆள் சற்று மாறக்கூடும் என்பதால், வீட்டிலேயே ஒருமுறை சாம்பல் அட்டையுடன் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வது நல்லது (மருதாணி இட்ட கை இதற்கு உதவாது). படமெடுக்கப்படுபவர் நிழலிலும் நீங்கள் வெயிலிலும் நிற்கும்போதும், கைக்கு எட்டாத மேடை விளக்குகளின் ஒளியிலும் இம்முறை பொருந்தாது.