விழுந்தவரைத் தூக்க இறங்கும் முன்: கப்பல் டாங்க்கிலும் ஹோல்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாங்க்குக்குள் ஒருவர் சுருண்டு விழுந்ததைப் பார்த்ததும் மேலே நிற்பவர் இறங்குகிறார். அவரும் விழுகிறார். சத்தம் கேட்டு ஓடிவந்த மூன்றாமவரும் இறங்குகிறார். கப்பலின் மூடிய இடங்களில் சாவு பெரும்பாலும் இப்படித்தான் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வருகிறது. திருநெல்வேலிச் சீமையின் கடற்கரைக்கு இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. தூத்துக்குடித் தோணியிலும் தருவைகுளம் விசைப்படகிலும் அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். தம்பி கீழே கிடக்கும்போது "இறங்காதே" என்றால் எந்த அண்ணன் காதிலும் விழாது. அதனால் யார் இறங்குவது, எதை மாட்டிக்கொண்டு இறங்குவது, யார் எந்த நிலையிலும் இறங்கவே கூடாது என்பதை மூடியைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எண்ணெய் டாங்க் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பது

வெறும் கடல்நீர் நின்ற பால்ஸ்ட் டாங்க், சங்கிலி கிடக்கும் செயின் லாக்கர், வருடக்கணக்கில் திறக்காத காலி அறை, இவற்றில் ரசாயனம் எதுவும் இல்லை. ஆனால் இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும். மூடிக் கிடக்கும் டாங்க்கின் சுவர் முழுதும் துருவேறும்போது உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். அது 16-க்குக் கீழே போனால் யோசனை தடுமாறும், கை கால் சொன்னபடி கேட்காது. 10-க்கு வந்தால் மயக்கம். 6-க்குக் கீழே ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். மூச்சுத் திணறுவதுபோல முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. நமக்குத் திணறலை உண்டாக்குவது உடம்பில் சேரும் கரியமில வாயு. ஆக்ஸிஜன் குறைவதை உடம்பு அப்படி உணர்வதில்லை. "ஒரு மாதிரி இருந்தா ஏறி வந்துருதேன் அண்ணாச்சி" என்று சொல்லி இறங்குகிறவருக்கு அந்த 'ஒரு மாதிரி' வருவதே இல்லை.

சரக்கு ஹோல்டுக்கு (கப்பலில் சரக்கை அடுக்கும் அடியறை) பக்கத்து இடங்களை மறப்பது இதைவிட மோசமான தவறு. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும் மரத்தடியும் ஆக்ஸிஜனைத் தின்னும் சரக்குகள். நிலக்கரி கார்பன் மோனாக்சைடையும் மீத்தேனையும் வெளிவிடும். மரத்தடியும் கார்பன் மோனாக்சைடை விடும். கொப்பரை தானாகச் சூடேறி ஆக்ஸிஜனைக் குறைக்கும். ஹோல்டின் மேல்வாயான ஹேட்ச்சின் மூடி திறந்து கிரேன் ஓடிக்கொண்டிருக்கும், வெயில் ஹோல்டின் அடிவரை விழும், காற்று நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் சுவரை ஒட்டி, தனிக் கூண்டுக்குள் இறங்கும் ஏணிப்பாதையின் கதவு மூடியே கிடக்கும். கடல் வழியில் ஹோல்டிலிருந்து கசிந்த வாயு அங்கே அப்படியே நிற்கும். சரக்கிறக்க வரும் தொழிலாளர் அந்தக் கதவைத் திறந்து நேரே இறங்கிவிடுகிறார். ஹேட்ச் திறந்ததால் ஹோல்டின் காற்றுதான் மாறியது, ஏணிக்கூண்டின் காற்று மாறவில்லை. அந்தக் கூண்டைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் வரை கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது

தூர் வாரப் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது நம் ஊர்ப் பழக்கம். அணைந்தால் இறங்கமாட்டார்கள். குழையைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கிவிடுவதும் உண்டு. கிணற்றில் அது ஒரு மட்டுக்கு உதவியிருக்கலாம். கப்பலில் அதே பழக்கம் ஆளைக் கொல்லும். சுடர் அணைவதே ஏறக்குறைய 16 சதவீதத்தில்தான். அந்த அளவில் மனிதனுக்கும் தள்ளாட்டம் தொடங்கிவிடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் நின்று எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வழி செய்துவிடும்.

மூக்கை நம்புவதும் இதே வகைத் தவறு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை எட்டியதும் சில நிமிடங்களில் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, காற்று தெளிந்துவிட்டது என்று நினைத்து இறங்குகிறார்கள். 700 பிபிஎம்-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் விழவேண்டியதுதான். படகின் மீன் அறையில் இதுதான் எமன். அழுகிய கழிவும் உருகிய ஐஸ் நீரும் அடியில் தேங்கிக் கிடக்கும்போது வாயு சேற்றுக்குள்ளேயே அடைந்திருக்கும். கால் வைத்துக் கலக்கியதும் மொத்தமாகக் கிளம்பும். எனவே மூடிகளைத் திறந்து வைத்து, மேலே நின்றபடியே கடல்நீரைப் பாய்ச்சிக் கழுவி, பம்ப்பால் இறைத்து, ப்ளோயர் போட்டுக் காற்றை மாற்றி, அளந்து பார்த்த பிறகே ஆள் இறங்க வேண்டும்.

மீட்டரைக் காட்டிவிட்டு இறங்குவது

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் ஒப்பந்தப்படி 2016 ஜூலை 1 முதல் கப்பலில் கையடக்க வாயு மீட்டர் கட்டாயம். அது ஆக்ஸிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் காட்ட வேண்டும். சிறு தோணிக்கும் மீன்பிடிப் படகுக்கும் இந்தச் சட்டம் வராது. ஆனாலும் ஊர்ப் படகுச் சங்கம் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கி வைப்பது எட்டாத காரியமில்லை, வாங்கியே ஆகவேண்டும்.

மீட்டர் இருந்தும் ஆட்கள் சாகிறார்கள். ஆள் இறங்கும் துளையான மேன்ஹோலின் வாயில் நீட்டி, 20.9 என்று வந்ததும் இறங்கிவிடுகிறார்கள். அது வெளிக்காற்றின் அளவு. குழாயை இறக்கி மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் மூன்றிலும் பார்க்க வேண்டும். மீத்தேன் மேலே நிற்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும் அடியில் படியும். குழாய் வழியே அடிக்காற்று மீட்டருக்கு வந்து சேர நேரமாகும். குழாயின் ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை விநாடி என்பது கருவியின் கையேட்டில் இருக்கும். எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ப்ளோயர் ஓடும்போது அளந்தால் காற்று அடிக்கும் இடத்தின் அளவுதான் கிடைக்கும். பத்து நிமிடம் நிறுத்திவைத்து அளந்தபின் மீண்டும் ஓட்டி, ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டுக்கு ஏறிவிட்டு மறுபடி இறங்கும்போதும் புதிதாக அளக்க வேண்டும். ப்ளோயர் நின்றுவிட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஏற வேண்டும்.

'19.5 வரை பரவாயில்லை' என்பது மிகப் பரவலான நம்பிக்கை. பல மீட்டர்களில் அலாரம் 19.5-ல் அடிக்கும்படி வைத்திருப்பதால் வந்த எண்ணம் இது. கணக்கைப் பாருங்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். உள்ளே 5 சதவீதம் கரியமில வாயு புகுந்தால் ஆக்ஸிஜன் ஒரு சதவீதம்தான் குறைந்து 19.9 என்று காட்டும். அலாரம் வாய் திறக்காது. ஆனால் 5 சதவீதக் கரியமில வாயு உயிருக்கு ஆபத்தான அளவு. அதை இந்த நான்கு வாயு மீட்டர் காட்டவும் செய்யாது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011-ல் வெளியிட்ட ஏ.1050(27) தீர்மானம் ஆக்ஸிஜன் 21 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. எரியும் வாயு அதன் கீழ்த் தீப்பிடிப்பு எல்லையில் (தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 1 சதவீதத்துக்கு மேலிருக்கக் கூடாது, நச்சுவாயு அனுமதித்த அளவில் பாதிக்கு மேலிருக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருந்தது. 20.9-லிருந்து எண் இறங்கி நின்றால், அந்த இடத்தில் என்ன புகுந்தது என்று கண்டுபிடிக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

ஆக்ஸிஜன் மிகக் குறைந்த இடத்தில் எரியும் வாயுவின் எண்ணையும் நம்பக் கூடாது. பெரும்பாலான மீட்டர்களில் அந்த சென்சார் வாயுவை உள்ளே எரித்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்ஸிஜன் இல்லாதபோது பூஜ்யம் காட்டிவிடும். பூச்சிமருந்துப் புகை போட்ட தானியச் சரக்கென்றால் பாஸ்ஃபீனுக்குத் தனி மீட்டர் வேண்டும். சட்டையில் மாட்டும் சிறு மீட்டர் உள்ளே போனபின் நிலைமை மாறினால் எச்சரிக்கும். இறங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு அது மாற்றாகாது.

ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டு டாங்க்கை 'சரிசெய்வது' கூடவே கூடாது. ஆக்ஸிஜன் கூடிய இடத்தில் எண்ணெய்த் துணி ஒரு பொறியில் கொழுந்துவிட்டு எரியும்.

மேலே நிற்பவரிடம் வேறு வேலை கொடுப்பது

உள்ளே இறங்க எழுதும் பெர்மிட்டில் மேலே நிற்பவரின் பெயர் இருக்கும். ஆனால் போசன் (தளத்து ஆட்களின் தலைவர்) அழைத்தார், கயிறு எடுக்கப் போனார் என்று பாதி நேரம் மேன்ஹோல் வாயில் ஆளிருக்காது. அவருக்கு வேலை மூன்றுதான். உள்ளே எத்தனை பேர், யார் யார், எப்போது இறங்கினார்கள் என்று எழுதி வைத்திருப்பது. முன்பே பேசிவைத்த இடைவெளியில் வாக்கிடாக்கியில் கூப்பிடுவது. பதில் வரவில்லை என்றால் அலாரம் கொடுப்பது. அவர் ஒருபோதும் இறங்கக் கூடாது. அவர் இறங்கிவிட்டால் உள்ளே ஆள் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாமல் போய்விடும். உறவுக்காரரை அந்த இடத்தில் நிறுத்தாமலிருப்பது நல்லது. தோணியிலும் படகிலும் இது சிரமம்தான், ஆனாலும் முடிந்தவரை பார்த்துச் செய்ய வேண்டும்.

இறங்குகிறவர் உடம்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸும், முடிந்த இடத்தில் மேலிருந்து இழுக்கும் கயிறான லைஃப்லைனும் போட்டே இறங்க வேண்டும். மேன்ஹோலுக்கு மேல் முக்காலியும் கப்பியும் முதலிலேயே நிற்க வேண்டும். நேர்கீழே விழுந்தவரை அப்போது மேலிருந்தே இழுத்துவிடலாம், இன்னொரு உயிர் உள்ளே போகவேண்டியதில்லை.

மீட்கும்போது

ஈஈபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் சிறு மூச்சுப்பெட்டியை மாட்டிக்கொண்டு மீட்கப் போவது பெரிய தவறு. அது தப்பித்து வெளியேற மட்டும், பத்துப் பதினைந்து நிமிடக் காற்று. இன்ஜின் ரூமில் புகையிலிருந்து ஓடுவதற்காக வைத்தது. தூசி மாஸ்க்கும் வடிகட்டி மாஸ்க்கும் இல்லாத ஆக்ஸிஜனை உண்டாக்கித் தரமாட்டா. மீட்க வேண்டுமானால் முழு பிஏ செட் (முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் உள்ள மூச்சுச் சாதனம்) மாட்டிய இருவர் வேண்டும்.

பிஏ செட்டின் காற்றுக்கும் கணக்குண்டு. 6 லிட்டர் சிலிண்டரை 300 பார் நிரப்பினால் ஏறக்குறைய 1,800 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம் வரும். ஆனால் பதற்றத்தோடு ஒரு ஆளைத் தூக்குகிறவர் 80 லிட்டர்கூட இழுப்பார், அப்போது 22 நிமிடம்தான். காற்று குறைந்ததென்று செட்டின் விசில் அடிக்கும்போது கொஞ்சக் காற்றுதான் மிச்சம். விசிலுக்காகக் காத்திருக்காமல், போகச் செலவான காற்றைப்போல இருமடங்கு காற்று திரும்பி வரத் தேவை என்று கணக்கிட்டுத் திரும்ப வேண்டும். இறங்கும் முன் அழுத்தமானியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். 300 என்று நினைத்த சிலிண்டரில் 180 இருக்கும்.

மேன்ஹோலில் செட்டோடு நுழைய முடியவில்லை என்று முதுகுச் சிலிண்டரைக் கழற்றி முதலில் உள்ளே விடுவார்கள். சிலிண்டர் கைநழுவினால் முகமாஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதை மீட்புப் பயிற்சியான ட்ரில்லிலேயே பார்த்துவிட வேண்டும். 2015 ஜனவரி 1 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த ட்ரில் சோலாஸ்படி கட்டாயம். ஸ்ட்ரெச்சரைத் தளத்தில் விரித்துப் போட்டோ எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது ட்ரில் ஆகாது. பாதுகாப்பான காலி டாங்க்கில், அளந்து பெர்மிட் போட்டு, ஆள் எடையுள்ள பொம்மையை அந்த மேன்ஹோல் வழியாகவே தூக்கிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் வளைவில் திரும்பாது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

அலாரம் அடித்தபின் ஓடும் ப்ளோயரை நிறுத்தாதீர்கள், நின்றிருந்தால் ஓட்டுங்கள். மீட்புக் குழு போகும்போது விழுந்தவருக்கென்று ஒரு மூச்சுச் சாதனத்தையும் கொண்டுபோனால், தூக்கும் நேரத்திலேயே அவருக்குக் காற்று கிடைக்கும். மேலே வந்ததும் மூச்சில்லை என்றால் நெஞ்சில் 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு கொடுக்க வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாமல் நின்ற இதயத்துக்கு மூச்சு கொடுப்பது மிக முக்கியம், நெஞ்சை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் போதாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டவருக்கு வாயோடு வாய் வைக்காமல், கையால் பிதுக்கி மூச்சு கொடுக்கும் பை மாஸ்க் பயன்படுத்துங்கள்.

கண் விழித்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்கிறவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சில வாயுக்கள் பட்டு சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். கடலில் என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கரையில் என்றால் 108. என்ன சரக்கு, எந்த வாயு, எத்தனை நிமிடம் உள்ளே கிடந்தார், மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு தாளில் எழுதி ஆம்புலன்ஸிலேயே கொடுத்துவிடுங்கள்.