பெர்னார்தா ஆல்பாவின் வீட்டில் அதேலாவின் கலகத்தைப் பின்தொடர்ந்து படிப்பது எப்படி

ஸ்பானிய நாடகாசிரியர் லோர்கா ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ என்ற இந்த நாடகத்தை 1936 ஜூனில் எழுதி முடித்தார். இரண்டே மாதத்தில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், நாடகம் 1945இல் புவெனஸ் ஐரெஸில்தான் முதலில் மேடையேறியது.

முதல்முறை படிக்கும்போது பெயர்கள் குழப்பும். ஒரு தாளில் பெர்னார்தாவின் ஐந்து மகள்களையும் வயதோடு எழுதிக்கொள்ளுங்கள்: அங்குஸ்தியாஸ் 39, மக்தலேனா 30, அமெலியா 27, மார்த்திரியோ 24, அதேலா 20. அங்குஸ்தியாஸ் பக்கத்தில் ‘சொத்து’ என்று குறித்துவிடுங்கள், அம்மாவின் முதல் கணவருக்குப் பிறந்த அவளை ஊர் இளைஞன், 25 வயது பெப்பே கட்டிக்கொள்ள நினைப்பதே அந்தப் பணத்துக்காகத்தான். ஆனால் அவனோடு இரகசியக் காதலில் இருப்பது அதேலா.

சரி, இனி யார் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட யார் கையில் என்ன இருக்கிறது, உடம்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்த அன்று அம்மா விசிறி கேட்க, அதேலா சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட ஒன்றை நீட்டுகிறாள். அம்மா அதைத் தரையில் எறிந்துவிட்டுக் கறுப்பு விசிறி கேட்கிறாள். தனக்குப் புழுக்கமாக இல்லை என்று மார்த்திரியோ தன்னுடையதைக் கொடுத்துவிடுகிறாள். அந்த இடத்தில் கோடு போட்டுவையுங்கள். அடுத்த நிமிடமே எட்டு வருட துக்கம் என்று அம்மா அறிவிக்க, அதேலாவோ பிறந்தநாளுக்குத் தைத்த பச்சை உடையை மாட்டிக்கொண்டு கோழிகளிடம் போய் என்னைப் பாருங்கள் என்று கத்துகிறாள், ஏனென்றால் அதைக் காட்ட அவளுக்கு வேறு யாருமே இல்லை.

அதேலா மட்டும்தான் கலகக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டிய அறையில் இருக்கும் 80 வயதுப் பாட்டி கடலோரத்தில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறாள். அவள் வசனங்களைச் சத்தமாகவே படியுங்கள்.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் அவசரப்படாதீர்கள். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று அதைக் கொன்ற ஒரு பெண்ணை ஊரே தெருவில் இழுத்து வருகிறது, அவளைக் கொல்லுங்கள் என்று பெர்னார்தா கத்த, அதேலா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று அலறுகிறாள். வீட்டையே அடக்கி ஆளும் அம்மாவின் கைத்தடிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது: தெரு முழுக்க அவள் பக்கம் நிற்கிறது.

மூன்றாம் அங்கத்தில் அதேலா அந்தத் தடியைப் பிடுங்கி இரண்டாக உடைக்கிறாள். அம்மா பெப்பேவைத் துப்பாக்கியால் சுடுகிறாள், குறி தப்பி அவன் குதிரையில் ஓடிவிடுகிறான், ஆனால் அவன் கதை முடிந்தது என்று சொல்வது விசிறி கொடுத்த அதே மார்த்திரியோ. அதை நம்பித்தான் அதேலா தூக்கு மாட்டிக்கொள்கிறாள்.

அதன்பின் அவளுக்குக் கன்னிப்பெண்போல உடுத்திவிடச் சொல்லி அம்மா உத்தரவு போடுகிறாள். அந்த வரியையும் பச்சை உடை வரும் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை படியுங்கள்.