இருமினால் சொட்டுகிறதா? முதலில் அந்தத் தசையைத் தேடிப் பிடியுங்கள்

இரண்டாவது பிள்ளை பிறந்து எட்டு மாதம் இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதுச்சேரி பஸ் ஏறினேன், கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் ஒரே ஒரு தும்மல், மூத்திரம் சொட்டி உள்பாவாடை நனைந்துவிட்டது. வீட்டில் சொன்னால் அத்தை, "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார். நிறையப் பேருக்கு வருகிறது என்பது சரி, அதற்காகக் காலம் முழுக்கத் துணி மடித்து வைத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஒன்றுக்கை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி செய் என்று யாரோ சொல்ல, நானும் மூன்று வாரம் பிட்டத்தை இறுக்கி இறுக்கி விட்டேன். இறுக்கியதே வேறு தசை!

அதனால் எலும்பிலிருந்து ஆரம்பியுங்கள். திண்ணை மாதிரி கெட்டியான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிட்டத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் செருகினால் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு முண்டு தட்டுப்படும், நாம் உட்காருவது அதன் மேல்தான். முன்னால் அடிவயிறு முடியும் இடத்தில் ஒரு எலும்பு, பின்னால் பிட்டப் பிளவின் உச்சியில் வால் எலும்பு. இந்த நாலு புள்ளிக்கு நடுவில், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டின மாதிரி தொங்குவதுதான் இடுப்புத்தளத் தசை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுதான். கர்ப்ப காலத்திலேயே பாரம் ஏறிவிடுவதால், சிசேரியன் ஆனவர்களும் தப்பித்துவிட முடியாது. பெண்களுக்கு இதன் ஊடே மூன்று துவாரம், ஆண்களுக்கு இரண்டு. ஆமாம், ஆண்களுக்கும் உண்டு, புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து சொட்டுகிறவர்களுக்கும் இதே பயிற்சிதான் சொல்வார்கள்.

இந்தத் தூளியில் ஒரு பட்டை மலக்குடலைப் பின்னாலிருந்து சுற்றி முன்பக்கம் இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் அந்த மடிப்பு நிமிர்ந்து, முக்காமல் போகும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள், தினமும் முக்கினால் தூளிதான் தொய்யும்.

சரி, தசையைக் கண்டுபிடிப்பது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் காற்று பிரியப் போகிறது, அடக்க வேண்டும், அப்படி நினைத்து ஆசனவாயை மெதுவாக உள்ளே, மேலே இழுங்கள், அப்புறம் அதே இழுப்பை முன்பக்கம், ஒன்றுக்கு அடக்குவது போலக் கொண்டுவாருங்கள். பிட்டமும் தொடையும் அசையக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், கல் மாதிரி ஆனாலோ கீழ்ப்பக்கம் தள்ளுவது போல இருந்தாலோ தப்பு. ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதை வழக்கமாக்காதீர்கள், பை முழுசாகக் காலியாகாது.

மூச்சை விடும்போது தசையை இழுத்து, 5 எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர விடுங்கள். இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழக 10 எண்ணிக்கை வரை கூட்டலாம், கடைசியில் சட் சட்டென்று சில இழுப்பும் சேருங்கள். தளர விடுவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், நானும்தான். 1948-இல் இதை எழுதி வைத்த அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகலின் பெயர்தான் பயிற்சிக்கு. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். தும்மல் வரும் என்று தெரிந்தாலோ குடத்தைத் தூக்கப் போகும்போதோ, அதற்கு ஒரு நொடி முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள், பலன் தெரிவது அங்கேதான்.

அடிவயிற்றிலோ உடலுறவின்போதோ வலி, ஒன்றுக்கு ஆரம்பிக்கவே சிரமம் என்றால் இறுக்காதீர்கள், தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கலாம், அதை இன்னும் இறுக்கினால் வலிதான் கூடும். கீழே ஏதோ இறங்கி வருவது போல உணர்வு, ஒன்றுக்கில் ரத்தம் என்றால் பயிற்சியை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போங்கள். தொடைகளுக்கு நடுவில் திடீரென மரத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, கடலூர் அரசு மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ எது பக்கமோ அது.

எனக்கு இரண்டு மாதம் தாண்டித்தான் வித்தியாசம் தெரிந்தது. இப்போதும் பஸ்ஸில்தான் எண்ணுகிறேன், கிருமாம்பாக்கத்தில் ஆரம்பித்தால் தவளக்குப்பம் வருவதற்குள் பத்து முடிந்துவிடும், பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது.