புருஸ்கெட்டா ஏன் நமுத்துப் போகிறது?

கத்திரி வெயிலில் எண்ணெய்ச் சட்டி முன் நின்று பஜ்ஜி போடுவதைவிட, விடுமுறைக்கு வந்த கூட்டத்துக்குத் தக்காளி புருஸ்கெட்டா, அதாவது சுட்ட ரொட்டியின் மேல் நறுக்கிய தக்காளி வைத்த இத்தாலியப் பண்டம், செய்வது எவ்வளவோ சுலபம். ஆனால் தட்டு கைமாறுவதற்குள் ரொட்டி சொதசொதத்து, மேலே வைத்த தக்காளி மடியில் விழுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர்.

நாட்டுத் தக்காளியில் புளிப்பும் மணமும் அதிகம், சாறும் அதிகம். பெங்களூர்த் தக்காளியில் சதை கெட்டி, சுவை மட்டு. நன்றாகச் சிவந்த நாட்டுத் தக்காளி மூன்று பங்கு, பெங்களூர்த் தக்காளி ஒரு பங்கு என்று கலந்தால் இரண்டின் குறையும் சரியாகும். பத்துப் பேருக்கு ஆளுக்கு மூன்று துண்டு என்றால் 1.5 கிலோ வேண்டும். முழுத் தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் மணம் மங்கிவிடும்.

பலர் தவறுவது அடுத்த இடத்தில். தக்காளியைக் குறுக்கே பாதியாக அரிந்து, விதைக் கூழை விரலால் வழித்து எடுத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும். அரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான துண்டுகள் போதும். மழுங்கிய கத்தி சதையை நசுக்கும், நசுங்கிய இடத்திலெல்லாம் சாறு கசியும். நறுக்கியதில் ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பைப் பிசிறி, வடிதட்டில் 20 நிமிடம் விடுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அதே நீர் பிறகு ரொட்டியின் மேல்தான் இறங்கும். உப்பில் ஒரு பகுதி சாறோடு போய்விடுவதால், வடிந்தபின் ருசி பார்த்துச் சேர்க்கலாம். எலுமிச்சையோ வினிகரோ வேண்டாம், நாட்டுத் தக்காளியின் புளிப்பே போதும். வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்தால் அது வேறு பண்டம்.

இத்தாலியில் புருஸ்கெட்டா என்றால் அடிப்படையில் சுட்ட ரொட்டிதான், தக்காளி அதன் மேல் வைக்கும் பல பொருள்களில் ஒன்று. கனலில் சுடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஆகவே பேக்கரியில் கிடைக்கும் இனிப்பான பால் ரொட்டியை எடுக்காதீர்கள். அது பஞ்சு மாதிரி சாறை உறிஞ்சும், சர்க்கரையால் சீக்கிரம் கருகும். சர்க்கரை சேர்க்காத, ஓடு கெட்டியான நீள ரொட்டி நல்லது. முந்தைய நாள் ரொட்டி இன்னும் நல்லது. அரை அங்குல கனத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். மெல்லிசாக வெட்டினால் ரஸ்க் ஆகிவிடும்.

தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மிதமான தீயில், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் சுடுங்கள். மேல் பக்கம் பொன்னிறமாக மொறுமொறுக்க வேண்டும், நடுவில் மென்மை இருக்க வேண்டும். சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியிலேயே நமுத்துவிடும், கம்பித் தட்டில் பரப்புங்கள்.

பூண்டை நறுக்கித் தக்காளியில் கலந்தால் நேரம் ஆக ஆக நெடி ஏறும். தோலுரித்த பல்லைச் சூடான ரொட்டியில் தேயுங்கள், மொறுமொறுப்பான மேற்பரப்பே துருவியாக வேலை செய்யும். ஒரு பல் ஆறேழு துண்டுக்கு வரும். பச்சைப் பூண்டை முன்கூட்டியே எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பது ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் நச்சுக் கிருமி வளரலாம்.

மேலே ஊற்ற எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஆறு டேபிள்ஸ்பூன் போதும். நம் பக்கத்துச் செக்குக் கடலை எண்ணெய் அருமையான எண்ணெய்தான், ஆனால் அதன் வாசம் இங்கே தக்காளியை அமுக்கிவிடும். இலைக்குத் துளசி ஒத்துவராது, கிராம்பு நெடி அடிக்கும். வேண்டியது திருநீற்றுப் பச்சிலை, அதாவது கோடையில் நன்னாரி சர்பத்தில் போடும் சப்ஜா விதையைத் தரும் செடி. அதைப் பரிமாறும் முன் கையால் கிள்ளிப் போடுங்கள், முன்னமே அரிந்தால் கறுத்துவிடும்.

வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் நறுக்கிய தக்காளி வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வடித்ததை ஃபிரிட்ஜில் வைத்து, கால் மணி நேரம் முன்பு எடுத்தால் சரி. முப்பது துண்டுகளையும் ஒரே மூச்சில் அடுக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ரொட்டி ஒரு தட்டில், தக்காளி ஒரு கிண்ணத்தில் போகட்டும். சாப்பிடும் நேரத்தில் துண்டுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வைத்துக் கொடுங்கள்.

வழித்த விதைக் கூழும் வடிந்த சாறும் மறுநாள் ரசத்துக்கு ஆகும், உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அதில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் ரசத்துக்குப் பார்த்துப் போடுங்கள்.